கிடை மூலையிலிருந்து பதினாறு எட்டு

ஊருக்குள் வந்து கர்ணன் வீடு எது என்று கேட்டால், எந்தக் கர்ணன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஜெனீவா வீடு என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிடுவார்கள்.

பெயர் வந்த கதை சின்னது. உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்து ஊர் அது. பட்டாளத்தில் கண்ணிவெடி வைக்கிற, எடுக்கிற பிரிவில் பதினேழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய புதிதில், பாதையோரம் ஒரு குழியைப் பார்த்தார் கர்ணன். ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் வராமல் எவனோ அப்படியே விட்டுப்போன குழி. டீக்கடைக்கு வந்து சத்தம் போட்டார்.

"குழி போட்டவன் அடையாளம் வைக்கணும். சுத்தி வேலி கட்டணும். எங்கன போட்டேன்னு எழுதி வைக்கணும். வேலை முடிஞ்சா அவனே மூடணும். ஜெனீவாவுல எழுதி வச்சிருக்காக, நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு!"

"ஜெனீவா எந்தப் பக்கம் மச்சான், போடி தாண்டியா?" என்று கேட்டான் மொக்கைச்சாமி. அவன் கர்ணனின் மனைவி நாகஜோதிக்குச் சித்தப்பா மகன். கடை சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பெயர் மட்டும் அடங்கவே இல்லை.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கண்ணிவெடியே கூடாது என்று உலக நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதில் நம் நாடு கையெழுத்துப் போடவில்லை, பக்கத்து நாடும் போடவில்லை. எல்லை நீளம், எதிரி பக்கத்தில் என்று இரண்டு பேரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். வைப்பதானால் இன்ன முறைப்படி வை, குறித்து வை, பிறகு நீயே எடு என்று சொல்லும் இன்னொரு ஒப்பந்தம் உண்டு. அதில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் இருந்த சந்தில்தான் கர்ணனின் வாலிபம் போயிற்று.

அந்த வைகாசி வியாழக்கிழமை காலை, இருபத்து மூன்று வருடத்தில் முதன்முறையாக, ஒருவர் அதைப் பற்றிக் கேட்கத் தயாராக இருந்தார். ஹேமாவதி என்ற உதவிப் பேராசிரியை. அவள் கல்லூரியில் கருத்தரங்கு. 'பிராந்தியப் பாதுகாப்புக் கொள்கையில் சர்வதேசச் சட்டத்தின் பங்கு.' டில்லிப் பேராசிரியருக்குப் பிறகு முன்னாள் ராணுவ வீரர் கர்ணன் பத்து நிமிடம். அழைப்பிதழில் பெயரே அச்சாகியிருந்தது. நாகஜோதி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கடைசிப் பொத்தானைப் போடும்போது கிழக்கே சத்தம் கேட்டது.

பட்டாசுச் சத்தம் இல்லை அது. குறுகிய, மூடிய வாய்ச் சத்தம். கர்ணனின் வயிறு அதை அடையாளம் கண்டுகொண்டது.

அவருடைய இரண்டு ஏக்கர் அறுவடை முடிந்து சும்மா கிடந்தது. உரத்துக்காக அதில் மலைமாட்டுக் கிடை போட்டிருந்தார்கள். வருசநாட்டுக்காரர் பேச்சிமுத்துவும் அவர் மனைவி இருளம்மாளும் எண்பது மாடுகளை ராத்திரி அங்கே அடைத்து, விடிந்ததும் மலைக்கு ஓட்டிப் போவார்கள். கன்றுகள் மட்டும் பகல் முழுக்க வயலில் பட்டிக்குள் கிடக்கும்.

கர்ணன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இருளம்மாள் ஒரு மயிலை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அது கத்தவில்லை. கத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"வரிசையாத்தான் போச்சு. இவ மட்டும் எதையோ மோந்துக்கிட்டு ஒதுங்குனா," என்றாள். "மத்ததெல்லாம் மெரண்டு மலையேறிருச்சு. அந்த மனுசன் பின்னாடியே ஓடிருக்காரு. போனு போட்டா எடுக்கல. மலைக்குள்ள டவர் ஏது?"

அவுட்டுக்காய். காட்டுப்பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கும் நாட்டு வெடி. யார் வைத்தது என்று கர்ணன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வயல் மக்காச்சோளம் மொக்கைச்சாமியுடையது. பன்றி ஓடை வழியாகக் கர்ணனின் வயலைக் கடந்துதான் அதற்குள் நுழையும். மோட்டார் அறைக்குள் இருந்தவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"எத்தனை வச்ச?"

"மச்சான், நான்..."

"மச்சானும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. எத்தனைலே?"

"ஏழு. திங்கக்கெழமை சாயங்காலம். விடியவும் எடுத்துருவேன் மச்சான், எப்பவும் எடுத்துருவேன். அன்னைக்கி ராவு மழை வெளுத்துருச்சா, காலையில அஞ்சுதான் கெடச்சுது. ரெண்டு நனைஞ்சு வீணாப் போயிருக்கும்னு விட்டுட்டேன்."

"அஞ்சு எங்கன?"

மொக்கைச்சாமி மோட்டார் அறையைக் காட்டினான். பெயின்ட் வாளி ஒன்றில், வெங்காயம் போல, ஐந்து உருண்டைகள். மேலே ஒரு துண்டு. கர்ணன் கையை ஓங்கினார். அதைக் கீழே இறக்குவதற்குத்தான் அதிக பலம் வேண்டியிருந்தது.

ஏழில் ஐந்து வாளியில். ஒன்று மயிலையின் வாயில். ஒன்று மண்ணில்.

போலீசுக்குச் சொன்னார். "என்னைய உள்ள தூக்கி வச்சிருவாக மச்சான்," என்று மொக்கைச்சாமி காலைப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். வெடி எடுக்கிற ஆட்கள் மதுரையிலிருந்து வந்து சேர இருட்டிவிடும், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றார்கள். சரியான பேச்சுதான். ஆனால் மாட்டுக்கு யார் சொல்வது? ஐந்து மணிக்கு மந்தை இறங்கும். மலையிலிருந்து வயலுக்கு அந்த ஓடை வாய் ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் பாறை. இறங்கினால் நாற்பது எட்டு அகலத்துக்குக் கர்ணனின் தரை. எந்தச் சரிவில் மேய்கிறது என்று தெரியாமல் மலையில் தேடிப் போனாலும், போனவர் ஒரு பக்கம் ஏற மந்தை இன்னொரு பக்கம் இறங்கும்.

"காலையில மேய்ச்சலுக்குப் போறப்ப ஒண்ணு பின்னால ஒண்ணு போகும்," என்றாள் இருளம்மாள். "சாயங்காலம் கன்னுச் சத்தம் கேட்டுட்டா வரிசையாவது ஒண்ணாவது. விரிச்ச கை மாதிரி ஓடியாரும். குறுக்க நிக்கிறவன் பொணந்தான்."

அப்படியானால் ஐந்து மணிக்குள் அந்த ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். மந்தையோடு நடந்து வருவது பேச்சிமுத்து.

"மயிலை கடிச்சது போக மிச்ச ஒண்ண எங்கன வச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

மொக்கைச்சாமிக்கு உயிர் வந்தது. "நல்லா இருக்கு மச்சான்! நானும் ஒங்க ஜெனீவா மாதிரி கணக்கு வச்சுத்தான் செஞ்சேன். கெடையோட ஓடைப் பக்கத்து மூலையிலேருந்து நேரா ஓடையைப் பாத்துப் பதினாறு எட்டு."

முதலில் அவனைப் பாதையில் பதினாறு எட்டு நடக்கவிட்டு, கயிற்றில் அளந்துகொண்டார் கர்ணன். குட்டைக்கால்காரன், எட்டும் குட்டை. மூங்கிலை மெல்லிசாகச் சீவினார். கிடை மூலையிலிருந்து கயிற்றை நீட்டி, அந்த வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்தார்.

வயிற்றைத் தரையில் வைத்ததும் மண் எழுபது வகையாகப் பேச ஆரம்பிக்கும். அது உடம்பு மறக்காத பாஷை. மூங்கிலைச் சாய்த்து, விரலால் தடவி, ஒரு சாண், இன்னொரு சாண். ஒரு மணி நேரம் போயிற்று. பையில் போன் அடித்தது.

"சார், ஹேமாவதி பேசுறேன். டில்லி சார் பேசி முடிக்கப் போறாரு. எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"வயல்ல கெடக்கேம்மா. என்ன சொல்றாரு அவரு?"

அவர் கிடக்கிற கோலம் அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாகச் சொன்னாள். "சர்வதேசச் சட்டம் வெறும் காகிதம், பாதுகாப்புன்னு வந்துட்டா எந்த நாடும் அதைப் பார்க்கிறதில்லைன்னு சொல்றாரு சார். நல்ல கைதட்டல்."

"கை தட்டுனாகளா?" கர்ணன் தலையைத் தூக்கவில்லை. மண்ணைப் பார்த்தே கத்தினார். "பாக்காமலா நான் அறுநூத்திப் பன்னெண்டையும் நூல் புடிச்சு எழுதுனேன்? இத்தனாவது வரிசை, இத்தனாவது காயின்னு? அந்தக் காகிதம் இல்லாட்டி எந்த ஆபீசரு என்னைய எழுதச் சொல்லிருப்பாரு? எழுதுன அம்புட்டையும் எடுத்தோம். அந்த நெலத்துல இன்னைக்கிக் கடுகு வெளையுது. அவரை இங்கன வரச் சொல்லும்மா. காகிதம் இல்லாத வயல்ல ஒரு சுத்து நடந்துட்டுப் போயிக் கை தட்டச் சொல்லு!"

போனை வைத்த பிறகுதான் நாக்கு கசந்தது. எழுதின எல்லாவற்றையும் எடுத்தோம் என்று சொன்னது பொய்.

இரண்டாயிரத்து இரண்டில், மேற்கு எல்லையின் மணற்காட்டில், அவர்கள் பகுதியில் வைத்தது அறுநூற்றுப் பன்னிரண்டு. போர் வரவில்லை. எடுத்தது அறுநூற்றுப் பதினொன்று. வரைபடத்தில் புள்ளி இருந்தது, புள்ளிக்கு மேல் இருந்த மணல்மேடு இடம் மாறிவிட்டிருந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாம் நாள், 'மணலில் ஆழப் புதைந்து செயலிழந்ததாகக் கருதப்படுகிறது' என்று எழுதி, அந்தச் சிறு பிரிவின் தலைவரான நாயக் என்ற முறையில் கர்ணன் கையெழுத்துப் போட்டார். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவருக்கு லீவு பாக்கி இருந்தது, ஊருக்கு ரயில் இருந்தது, அவ்வளவுதான். நிலத்தை ஒப்படைக்கும் நாளில், எடுத்தவர்கள் கைகோத்து வயலில் நடந்து காட்டுவது அவர்கள் பிரிவில் வழக்கம். நடந்தார்கள். சொந்தக்காரர் வரப்பில் நின்று கும்பிட்டார். மேட்டு மூலை வந்தபோது வரிசையைக் கொஞ்சம் இடதுபுறமாகத் திருப்பியது கர்ணன்தான். மூன்றாம் வருடம், தண்ணீர்க் குடத்தோடு அந்த மூலையில் நடந்த பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை என்று நண்பன் போனில் சொன்னான். கர்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெயரைக்கூட.

இடம் மாறிய மேடு.

மூங்கில் நின்றது. கர்ணன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கிடை. ஒரு நாள் ஒரு இடம், மறுநாள் பக்கத்து இடம். வயல் முழுக்கச் சாணி விழ வேண்டும் என்பதற்காகத் தினமும் பெயர்த்து நடுகிற கிடை.

"ஏலே மொக்கை! எந்த நாளு கெடை மூலைலேருந்து அளந்த?"

"கெடை மூலைதான் மச்சான்."

"திங்கக்கெழமைக் கெடையா, இன்னைக்கிக் கெடையாடா?"

மொக்கைச்சாமி கிடையைப் பார்த்தான், ஓடையைப் பார்த்தான், மறுபடி கிடையைப் பார்த்தான். முகம் வெளுத்தது கர்ணன் கிடந்த இடத்திலிருந்தே தெரிந்தது. "அது... கெடை நகருமில்ல..." என்றான், இப்போதுதான் கேள்விப்பட்டவன்போல.

"நகராம? வேரா விட்டுருக்கு?" இருளம்மாள் காறித் துப்பினாள். "அதுக்கப்புறம் ரெண்டு தடவ மாத்தியாச்சு. எங்கன எங்கன கெடந்துச்சுன்னு சாணியப் பாரு."

வயல் முழுக்கச் சாணிதான். ஆனால் ஒவ்வொரு நாள் சாணியும் ஒவ்வொரு மாதிரி. கர்ணன் எழுந்து வரப்பில் நின்று கண்ணைச் சுருக்கினார். புதன்கிழமைச் சாணி கறுப்பு. செவ்வாய்க்கிழமையுடையது அடை தட்டிக் காய்ந்து உருவத்தோடு நின்றது. தெற்கே ஒரு சதுரத்தில் மட்டும் சாணிக்கு உருவமே இல்லை. கூழாகக் கரைந்து மண்ணோடு பரவிக் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை ராத்திரி மழை வாங்கிய சாணி.

"அதேதான்," என்றாள் இருளம்மாள். "ஓடைப் பக்கத்து மூலைக்கு நான் நட்ட முளைக்குச்சிக் குழி இன்னும் இருக்கும். உள்ளங்கை அகலம்."

குழி இருந்தது. கயிற்றை அதிலிருந்து நீட்டினார். மறுபடி படுத்தார். வெயில் முதுகில் ஏறி, உச்சியைத் தாண்டி, மேற்கே சாய்ந்தது. நாலேகாலுக்கு, முட்செடி ஒன்றின் நிழலில், மழை மண்ணை வழித்து மூடியிருந்த உருண்டையின் தோள் விரலில் பட்டது. பதினாறு எட்டுக்கு ஒரு முழம் தள்ளி.

கர்ணன் அதைத் தொடவில்லை. நாகஜோதி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு சிவப்புப் பொன்னாடையை எடுத்துக் கிழித்துச் சுற்றிலும் குச்சி நட்டுக் கட்டினார். குடியரசு தின விழாக்களில் பள்ளிக்கூடங்கள் போர்த்தியவை, பதினொன்று சேர்ந்திருந்தன. ஒன்றும் குளிருக்குக்கூட உதவியதில்லை.

"கெடச்சிருச்சு!" மொக்கைச்சாமி வரப்பில் குதித்தான். "ஏழும் ஆச்சு! மச்சான், நீங்க மனுசன் இல்ல, தெய்வம்!"

"ஏழும் ஆச்சா?"

"ஆச்சு மச்சான்."

"அப்ப நட."

"எங்கன?"

"இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். மாடு வாரதுக்கு முன்னாடி நீ நடக்குற. நானும் ஒங்கூடக் கைகோத்து நடக்குறேன். இந்தத் தடவ எந்த மூலையையும் விட மாட்டேன்."

கடைசி வார்த்தை யாருக்குச் சொன்னது என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. கையை நீட்டினார். மொக்கைச்சாமி அதைப் பிடிக்கவில்லை. ரோஷம் வந்தவன்போல வேட்டியை மடித்துக் கட்டி, தனியாகவே வயலுக்குள் பத்து எட்டு வைத்தான். அடுத்த எட்டுக்குக் கால் தூக்கியவன், தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"என்னலே?"

"மச்சான்..." குரல் உடைந்தது. "வித்தவன் பையில போட்டுக் குடுத்தான். ஏழுன்னு அவன் சொன்னான். நான் எண்ணல. எட்டு இருந்தாலும் இருந்திருக்கும்."

இருபத்து மூன்று வருடம் தொண்டையில் நின்ற எல்லாக் கெட்ட வார்த்தையும் கர்ணனுக்கு ஒன்றாக வந்தது. அவனை, பையில் போட்டுக் கொடுத்தவனை, கை தட்டிய கூட்டத்தை, ரயிலைப் பிடிக்க ஓடிய நாயக்கை, எல்லோரையும் சேர்த்து ஒரே மூச்சில் வைதார். நாகஜோதி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது மலையில் மணிச் சத்தம் கேட்டது.

மந்தை இறங்குகிறது.

கன்றுகள் காதைத் தூக்கின. ஒன்று கத்தியது.

"கன்ன எடுங்க!" இருளம்மாள்தான் முதலில் அசைந்தாள். "ரோட்டுக்குக் கொண்டு போங்க, சத்தம் கேக்காத தொலைவுக்கு. கன்னுச் சத்தம் இல்லாட்டி மாடெல்லாம் மணி கட்டுன பசு சின்னமாயி பின்னாலதான் வரும். நான் கூப்புட்டா சின்னமாயி காலையில போன தடத்துலயே வருவா. மயிலை ஒருத்தி ஒதுங்குனது போக, மத்த எழுபத்தொம்பதும் மிதிச்ச தடம் அது. ஒண்ணும் வெடிக்கலேல்ல?"

கர்ணன் அவளை ஒரு கணம் பார்த்தார். அன்று மணற்காட்டில் ஒன்பது நாள் தேடியவர்களில் ஒருவருக்கும் அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

ரோட்டோரப் பக்கம் பட்டி திறந்தது. நாகஜோதி ஒரு கன்றைத் தோளில் போட்டாள். வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்கள், டீக்கடையில் சிரித்தவர்கள், ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு குட்டியானை வண்டிக்கு ஓடினார்கள். வண்டி கிளம்பிப் புளியமரம் தாண்டியது. கர்ணன் காலைக் குளம்புத் தடத்தின் மேலேயே நடந்து, இரண்டு ஓரமும் சிவப்புத் துணியை நட்டுக்கொண்டே ஓடை வரை போனார். கடைசிப் பொன்னாடையும் தீர்ந்தபோது, வடக்கு ஓரத்தில் நடுவே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதற்கு நேராகத்தான் மொக்கைச்சாமி நின்றுகொண்டிருந்தான், முன்னும் போகாமல் பின்னும் வராமல், ஒரு காலில் பாரம் போட்டு.

"மச்சான், நான் எப்படி வாரது? காஞ்ச மண்ணுல நான் வந்த தடமே தெரியல."

"வராத. துண்டக் கையில விரிச்சுப் பிடி. குறியா நில்லு."

"மாடு முட்டிருச்சுன்னா?"

"அசையாத. அசைஞ்சா மாடு முட்டாது, வேற ஒண்ணு முட்டும்."

இருளம்மாள் தடத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டாள். சொல் இல்லாத நீளமான கூப்பாடு. ஓடை வாயில் முதலில் ஒரு செவலைத் தலை தெரிந்தது, கழுத்தில் மரமணி. பின்னால் பேச்சிமுத்து, முழங்கை சிராய்த்து, ஒன்றும் விளங்காமல், சிவப்புத் துணிகளைப் பார்த்து வாயைத் திறந்தார். "பேசாம வரிசையில வாங்க!" என்று கர்ணன் அதட்டிய அதட்டலில் மாட்டோடு மாடாக அவரும் வரிசையில் வந்தார்.

ஒன்றன் பின் ஒன்றாகச் சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மாடுகள் வந்தன. மொக்கைச்சாமியின் துண்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒவ்வொரு கொம்பும் கடந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். கால் வழியே ஈரம் இறங்கி மண்ணில் கறுத்தது. யாரும் சிரிக்கவில்லை. கர்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது.

பையில் போன் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"சார், நீங்க வர முடியல, பரவாயில்ல. ஆனா கருத்தரங்கு மலர்ல போட ஒரே ஒரு வரி சொல்லுங்களேன்."

"இப்ப முடியாதும்மா. உள்ள ஆள் நிக்குது."

போனை நாகஜோதியிடம் கொடுத்தார். சீவிய மூங்கிலை எடுத்தார். மாட்டுத் தடத்திலிருந்து மொக்கைச்சாமி நிற்கிற இடம் மூன்று முழம். கர்ணன் மறுபடியும் குப்புறப் படுத்தார்.

"மச்சான், வெரசா..."

"வாய மூடு. மதுரைக்காரக வர வரைக்கும் ஒன்னைய இப்படியே நிக்க விடணும், ஒனக்கு அதான் சட்டம்."

ஒரு சாண். விரலால் தடவினார். இன்னொரு சாண்.

"எழுதிக் குடுப்பலே. யாரு குடுத்தான், எத்தன, எங்கன. எல்லாம்."

"குடுக்கேன் மச்சான்."

"என் கையெழுத்தும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார் கர்ணன், மண்ணைப் பார்த்தபடி. மொக்கைச்சாமிக்கு அது விளங்கவில்லை. மூங்கில் அடுத்த சாணுக்கு நகர்ந்தது.